வான் பாயலாம், கட்டுக்கு மேலால் பாயக்கூடாது

நல்லதண்ணிப் பக்கம் மழை கொட்டினால் மவுசாக்கலையின் வான்கதவு திறக்குமா என்பதுதான் பேச்சு. மவுசாக்கலையும் காசல்ரீயும் கொங்கிறீற் அணைகள். அடியில் பாறை இருக்கும்வரை, மேலால் சற்று நேரம் நீர் வழிந்தாலும் சுவர் கரையாது. ஆனால் கிழக்கில் நமது உறவினர்களின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் மேலே நிற்பவை பெரும்பாலும் மண்கட்டுகள். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலோடு மகாவலி பெருக்கெடுத்தபோது மாவிலாறு கட்டு உடைப்பெடுத்து, மூதூர்ப் பகுதி மக்கள் இரவோடிரவாக அல்லற்பட்டதை மறந்திருக்க மாட்டோம்.

மண்கட்டின் மேலால் வழியும் நீர் மறுபக்கச் சரிவில் இறங்க இறங்க வேகமெடுக்கிறது. முதலில் அடிவாரத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் படிப்படியாக மேல்நோக்கி ஏறிவரும். அது கட்டின் முதுகைத் தொட்டுவிட்டால் பிறகு யாராலும் தடுக்க முடியாது. 1979 ஓகஸ்ட் 11 இல் குஜராத்தின் மச்சு அணை இப்படித்தான் போனது. மோர்பி நகரம் அழிந்தது. 2023 செப்டம்பரில் லிபியாவின் தேர்னாவில் 2 அணைகள் ஒரே இரவில் உடைந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நாட்டுப் பொறியியல் ஆய்வாளர் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டே எச்சரித்திருந்தார். கேட்பார் இருக்கவில்லை.

(1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய் உடைந்தது நீர் மேலால் வழிந்ததால் அல்ல. அது வேறு நோய்.)

நம் நாட்டில் கட்டுத் திருத்தம் என்றால் அலை மோதும் பக்கத்தில் கல் பதிப்பதும், மேலே வீதி போடுவதும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆபத்தோ மறுபக்கச் சரிவில். அங்கே அடர்ந்த புல் இருந்தாலே குறுகிய நேர வழிதலைத் தாங்கும். மாடு மேய்ந்து மொட்டையான இடமும், வேரோடிய மரமும், மழைநீர் அறுத்த வாய்க்காலும்தான் முதலில் கழன்றுபோகும். ஆபத்து அதிகமான கட்டுகளில் ஒன்றோடொன்று கோர்த்த கொங்கிறீற் கட்டிகளையோ, உருளையால் இறுக்கிய கொங்கிறீற் படிகளையோ சரிவின் மேல் போர்த்தலாம். உலகில் பல அணைகளில் செய்திருக்கிறார்கள். செலவுதான்; ஆனால் கட்டை உயர்த்துவதைவிடப் பல இடங்களில் குறைவு.

அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வான் ஓடும் பாதையில் மதில் கட்டியும் மண் நிரப்பியும் இடம் பிடித்திருப்பவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். அவர்களில் நம்மவர்களும் உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் மனுக் கொடுக்கும் விவசாய அமைப்புகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அந்தப் பெயர்களையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.