தேனை விற்பதைவிட தேனீயைக் காட்டலாம்

2020-ல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கு ரூ.500 கோடி அறிவித்தது. ஆனாலும், கரையான்சாவடிபோல வயல்கள் வீட்டுமனைகளாகிவரும் பகுதிகளில் தேனை மட்டும் நம்பித் தொழில் தொடங்க முடியாது. கொசுத்தேனீப் பெட்டி ஒன்றில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன்தான் கிடைக்கும். ஆனால், அந்தத் தேனீ கொட்டாது, மாடியிலும் வளரும்.

அந்தப் பெட்டியையும் நாலு பூசணிக் கொடியையும் வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டண வகுப்பு நடத்தலாம். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ பெண் பூவுக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். இதை நேரில் காட்டுங்கள். முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி பெறுங்கள். மலைத்தேனீக் கூட்டின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள்.

இன்று கற்கும் பிள்ளை, நாளை அடுக்குமாடியில் கூடு கட்டும் தேனீக்கு மருந்தடிக்கச் சொல்லாது. விவசாயிக்கு அதுவே பெரிய லாபம்.