கடலடிக்கும் கணக்கு வேண்டும்!

"பாலாறு நாறுகிறது, கிணறு கரிக்கிறது, இந்த நேரத்தில் மன்னார் வளைகுடாவின் கடலடியைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களே, அதற்கும் நமக்கும் என்ன உறவு?" என்று ஆம்பூர்த் தோழர் கேட்கக்கூடும். உறவு உண்டு, தோழரே! பாலாற்றுத் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதில்லை. பாலாறு நமக்குக் கற்றுத்தந்த பாடம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்பது நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு. டிரம்மில் போட்டு உருட்டி, அலசி, அலசிய நீரை ஆற்றிலும் ஓடையிலும் வயலிலும் விட்டார்கள். மண் எவ்வளவு தாங்கும் என்று அன்று அளந்தவர் யார்? ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ அடியோடோ பாழான பின்னர் அளந்தார்கள்! 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று: கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமென்று அஞ்ச இடமிருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும். அருமையான தீர்ப்பு! ஆனால் 2025 ஜனவரி 30-லும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈட்டைக் கொடுங்கள், ஆற்றைச் சீர்படுத்துங்கள் என்று ஆணையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்த நாளில் தொட்டிலில் கிடந்த பிள்ளை, இன்று டேனரி வாயிலில் வேலைக்கு நிற்கிறான்.

இனி மன்னார் வளைகுடாவைப் பார்ப்போம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட இடம். அடியிலே பவளப்பாறை, கடற்புல், சங்கு, சிப்பி, கடல் அட்டை. இவற்றில் எது எவ்வளவு நொய்மையானது என்று அறிய விஞ்ஞானிகள் கேட்பது இரண்டே கேள்விகள். அடி விழுந்தால் தாங்குமா? தாங்காவிட்டால், மீண்டு வர எத்தனை ஆண்டு? மணலில் புதைந்து வாழும் புழுக்களில் பல விரைவில் திரும்பிவிடும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வது. ஆள் உயரப் பாறை என்றால் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! விசைப்படகின் மடி அதை நொறுக்க ஒரு நொடி போதும். கடற்புல்லுக்கு மடிகூட வேண்டாம். கலங்கல் வெயிலை மறைத்தாலே மடியும், அதை மேயும் கடல்பசு பட்டினி கிடக்கும். பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

ஆகவே பார் வேறு, புல் வேறு, மணல் வேறு. பூங்கா முழுமைக்கும் ஒரே கோடு போட்டுவிட்டு, தீவோரம் கையால் பாசி எடுக்கும் பெண்ணை விரட்டுவது எளிது. அவள் கையையும், கனத்த பலகை கட்டித் தரையைச் சுரண்டிவரும் மடியையும் ஒரே தராசில் வைப்பதா? அளக்காத இடத்தில் சட்டம் எளியவர் மீதே பாய்கிறது.

2025 பிப்ரவரியில் டில்லி அறிவித்த எண்ணெய், எரிவாயு ஏலத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் இடம்பெற்றது. கைவிடுக என்று தமிழ்நாடு அரசு கடிதம் எழுதிற்று. நாம் கேட்கிறோம்: அங்கே அடியில் வாழ்வது எது, தாங்காதது எது என்ற கணக்கு முதலில் வந்ததா, ஏலம் முதலில் வந்ததா? ஏலம்தான்! சுற்றுச்சூழல் ஆய்வு, ஏலம் எடுத்தவர் வந்த பிறகு. அதை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவரும் அவரே! டேனரி முதலாளி தன் கழிவுநீருக்குத் தானே சான்று எழுதிக்கொண்டால் ஆம்பூர் ஒப்புமா?

சேதுக் கால்வாய் வேண்டுமென்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம், மறைக்கவில்லை. அதற்கும் இதே அளவுகோல்தான். வாரும் சேறு எந்தப் புல்மேல், எந்தப் பவளத்தின்மேல் படியும் என்பதை வாருவதற்கு முன்னே சொல்லியாக வேண்டும்.

சங்கு குளிப்பவர் பார்களைத் தம் வீட்டுத் தெருக்களைப் போல அறிவார். அளக்கப் போகிறவர்கள் அவரையும் படகில் ஏற்றிக்கொள்ளட்டும். அளந்த கணக்கைத் தமிழில் எழுதி, கடலோர ஊர்தோறும் ஒட்டட்டும். ஏல அறிவிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.