கரப்பான் உள்ள பிள்ளைகளும் கொரோனா அச்சமும்



கொரோனாவை உலகளாவிய அவசர நிலையாக 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த உலக சுகாதார நிறுவனம், 2023 மே 5 அன்று அந்நிலை முடிவுற்றதாக அறிவித்தது. ஆயினும் கிருமி நம்மை விட்டு அகலவில்லை. காய்ச்சல் பரவும் காலந்தோறும், எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை ஒரு கேள்வி வாட்டுகிறது: வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும் தோல் வழியே தொற்று புகுந்துவிடுமோ?

பெற்ற மனத்திற்கு இவ்வச்சம் இயல்பே. ஆனால் கொரோனா முதன்மையாக மூச்சுப் பாதை வழியே புகும் நோய். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது இலேசாகவே வந்து போகிறது. கரப்பான் இருப்பதனால் மட்டுமே அது கடுமையாகும் என மருத்துவ உலகம் கருதவில்லை. நாம் அஞ்ச வேண்டியது, அச்சத்தின் பெயரால் நாமே செய்துவிடும் காரியங்களைத்தான்.

முதலாவது, அளவு மீறிய சுத்தம். கொரோனாக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டு. சோப்பு அவ்வுறையைச் சிதைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. அதே சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையையும் அகற்றிவிடுகிறது. கரப்பான் உள்ள தோலுக்கு இப்பசை ஏற்கெனவே குறைவு. சானிடைசரோ வெடிப்புகளில் பட்டால் தீயாய் எரியும். ஆகவே, தேவையான வேளைகளில் மணமற்ற மென்மையான சோப்பால் 20 நொடிகள் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதக் களிம்பைத் தடவிவிடுவதே நன்று.

இரண்டாவது, மருந்தை நிறுத்துவது. ஸ்டீராய்டு களிம்பு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்று அஞ்சிப் பலர் அதை ஒதுக்கிவைக்கின்றனர். மருத்துவர் சொன்ன அளவில் பூசும் களிம்பைத் தொற்றுக் காலத்திலும் தொடரலாம். நிறுத்தினால் நோய் சீறி எழும். பிள்ளை உறக்கமின்றிச் சொறியும். அப்புண்ணில் வேறு கிருமிகள் குடியேறும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையோ ஊசியோ பெறும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நாமாகவே மருந்தை நிறுத்தலாகாது. தடுப்பூசி பற்றியும் ஐயம் வேண்டாம். பழைய அம்மைத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருந்ததால் கரப்பான் உள்ளோருக்கு அது ஆபத்தாயிற்று. பரவலாகப் போடப்பட்ட கொரோனா தடுப்பூசிகள் அத்தகையவை அல்ல.

ஒளுச் செய்யும் பிள்ளைகள் விஷயத்திலும் மார்க்கம் தந்துள்ள எளிமையை நாம் கடினமாக்க வேண்டியதில்லை. ஒளுவுக்குச் சோப்பு தேவையில்லை. உறுப்புகளை ஒரு முறை கழுவினாலே கடமை நிறைவேறிவிடும். முடித்தவுடன் களிம்பைத் தடவிவிடலாம். தண்ணீரே தீங்கு செய்யும் நிலையில், நோயாளிக்குத் தயம்மும் எனும் சலுகை இருக்கிறது. பருவமடையாத பிள்ளை மீதோ தொழுகை இன்னும் கடமையாகவே இல்லை.

மூன்றாவதே நம்மை மிகவும் வருத்துகிறது. மதரஸாவிலும் வகுப்பறையிலும் தோல் சிவந்த பிள்ளையைக் கண்டதும் மற்றவர்கள் விலகி அமர்கின்றனர். கரப்பான் ஒட்டிப் பரவும் நோயன்று. தோலில் அரிப்பு கண்ட தோழர்கள் இருவருக்கு, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையையே அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஒரு தோழரின் அரிப்புக்காகச் சட்டத்தில் சலுகை தந்த நபியின் உம்மத்தினர் நாம். அரிப்போடு வரும் பிள்ளைக்குப் பாயில் ஓர் இடம் தருவது நமக்குக் கடினமா?

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ளும் பக்குவத்தையும் அருள்வானாக! ஆமீன்.