கொட்டாங்குச்சி பிக்கும் என் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டும்

மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல எனக்கு நல்ல மார்க். ஸ்டிஃப்னஸ்னா என்ன, டஃப்னஸ்னா என்னன்னு கேட்டா படம் போட்டு விளக்கி ரெண்டு பக்கம் எழுதுவேன். ஆனா அது ரெண்டும் வேற வேறன்னு என் விரலுக்குத் தெரிஞ்சது போன மாசம்தான். ஒரு கொட்டாங்குச்சித் துண்டு பாட்டு நடுவுல, என் கையிலேயே ரெண்டா உடைஞ்சது.

ஹாஸ்டல்ல கிட்டார் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், பிக்ங்கிறது தொலையறதுக்குன்னே செய்யப்பட்ட பொருள். கட்டிலுக்கு அடியில போகும், வாஷிங் மெஷின்ல போகும், பக்கத்து ரூம்காரன் பாக்கெட்ல போகும். என் கடைசி பிக்கும் அப்படிப் போனதுக்கு அப்புறம், எக்ஸ்பைரி ஆன ஏடிஎம் கார்டை கத்தரிக்கோலால வெட்டி வாசிக்க ஆரம்பிச்சேன். (சிப் இருக்கிற பக்கம் வேண்டாம், எதிர் மூலையை வெட்டுங்க.) மோசமா இருக்கும்னு நினைச்சேன், இல்லை. ஏன் இல்லைன்னு யோசிச்சதுதான் வினை.

உலகத்துல எந்த பேங்க் கார்டா இருந்தாலும் தடிமன் 0.76 மில்லிமீட்டர், அது ஸ்டாண்டர்ட். கடையில மீடியம்னு விக்கிற பிக் 0.73. கார்டு பெரும்பாலும் பிவிசி, கடை பிக் டெல்ரின்னோ நைலான்னோ இருக்கும். கெமிஸ்ட்ரி வேற, வளையிற விதம் கிட்டத்தட்ட ஒண்ணு. ஏன்னா ஒரு தகடு வளையறதைத் தீர்மானிக்கிறதுல தடிமன் கனமடங்கா வேலை செய்யுது. அரை மில்லிமீட்டரை ஒரு மில்லிமீட்டர் ஆக்கினா ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு விறைப்பு. இந்த ஃபார்முலாவை எக்ஸாம்ல எழுதியிருக்கேன். கிட்டார்ல கேட்டது இதுதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் கையில கிடைச்சதையெல்லாம் வெட்டினேன். தயிர் டப்பா மூடி: தொளதொளன்னு இருந்துச்சு, ஸ்ட்ரிங்கை அடிக்காம தடவிக் கொடுத்துச்சு. ஐஸ்கிரீம் குச்சி: ஒரு பாட்டு தாங்கல, நுனி பிரஷ் மாதிரி பிரிஞ்சிடுச்சு. ஒரு ரூபாய் காசு: கொஞ்சம்கூட வளையாது, அதனால வளைய வேண்டியது உங்க மணிக்கட்டுதான். சத்தம் பளிச்சுன்னு இருக்கும், கூடவே தடிச்ச ஸ்ட்ரிங்ல சுத்தியிருக்கிற கம்பி மேல உரசி ஒரு கரகரப்பு. குயின் பேண்டோட பிரையன் மே இத்தனை வருஷமா பிரிட்டிஷ் சிக்ஸ்பென்ஸ் காசுலதான் வாசிக்கிறார். அவர் காசை இறுக்கிப் பிடிக்காம லேசா பிடிக்கிறார், அந்தக் கரகரப்பையே தன்னோட சவுண்டா மாத்திக்கிட்டார். (பாதியில விட்ட பிஎச்டியை 2007-லதான் முடிச்சார். அரியர் வெச்சிருக்கிறவங்க ஆறுதல் பட்டுக்கலாம்.)

கொட்டாங்குச்சி ஐடியா நாகர்கோவில்காரனான என் ரூம்மேட்டோடது. அவன் அதை சிரட்டைன்னு சொல்வான். எனக்கு ரெண்டு வார்த்தையும் தெரியாது, இங்கிலீஷ் மீடியத்துல கோகனட் ஷெல்தான். சரோத் வாசிக்கிறவங்க காலங்காலமா கொட்டாங்குச்சியில செஞ்ச ஜவாவாலதான் மீட்டறாங்கன்னு தேடிப் பார்த்ததும் எனக்கு ஆர்வம் வந்துடுச்சு. மெஸ்ல இருந்து ஒரு மூடி, ஆக்ஸா பிளேடு, மூணு வகை உப்புத்தாள். முதல் பிக்குக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஓட்டோட வளைவு விரலுக்குள்ள அழகா உக்காரும். மெல்லிசா இருந்தா நல்லா இருக்கும்னு தேய்ச்சுக்கிட்டே போனேன். அதுதான் முன்னாடி சொன்ன மாதிரி உடைஞ்சது. விறைப்பா இருக்கிற பொருள் எல்லாம் உறுதியா இருக்காதுன்னு புரிஞ்சது அப்போதான். ரெண்டாவதை ஒன்றரை மில்லிமீட்டர்ல நிறுத்தி, விளிம்பை மட்டும் உருட்டி, கடைசியா தேங்காய் எண்ணெய் தடவினேன். இன்னும் உடையல. சத்தம் கொஞ்சம் மண் வாசனையோட இருக்கும்னு சொல்ல ஆசைதான், ஆனா உண்மையைச் சொன்னா முனை மழுங்கலா இருக்கிறதால மேல் ஹார்மானிக்ஸ் குறையுது, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் ஸ்ட்ராங்கா சொல்ல வர்றேன். இன்டர்நெட்ல பிக் மெட்டீரியலைப் பத்தி பேசறவங்க ஒயின் டேஸ்ட் பண்றவங்க மாதிரி பேசறாங்க. வார்ம், உடி, கிறிஸ்பி. நாங்க ரூம்ல ஒரு டெஸ்ட் வெச்சோம். கம்பேர் பண்ண ஒரு கடை பிக் வாங்கினேன். நான் திரும்பி உக்காந்துக்குவேன், ரூம்மேட் எதையாவது எடுத்து ஒரே கார்டை அடிப்பான். காசையும் கொட்டாங்குச்சியையும் ஒரு தடவைகூட தப்பா சொல்லல. ஆனா கடை பிக்கா ஏடிஎம் கார்டாங்கிற கேள்விக்கு பத்துல ஆறுதான் சரி. காசு சுண்டிப் போட்டிருந்தா அஞ்சு வந்திருக்கும். அதுவும் கார்டோட விளிம்பை உப்புத்தாள்ல தேய்ச்சதுக்கு அப்புறம். தேய்க்கறதுக்கு முன்னாடி யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம், வெட்டின விளிம்பு கீச்சுங்கும். அதனால என் கட்சி இது: முதல்ல தடிமன், அப்புறம் விளிம்பு, அதுக்கப்புறம்தான் பொருள்.

"அப்போ பழைய கார்டுல பண்ணா சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு யாராவது போஸ்டர் அடிக்கக் கிளம்பினா, கொஞ்சம் நில்லுங்க. நாலு நாள் வாசிச்சதும் என் கருப்பு கிட்டார் மேல வெள்ளையா தூள். அது பிவிசி. குப்பையில முழுசா கிடந்ததை நான் பொடியாக்கி ரூம் பூரா தூவியிருக்கேன். இதுக்குப் பேரு ரீசைக்கிளிங் இல்ல.

பிக்கோட வரலாறே மாற்றுப் பொருளோட வரலாறுதான். ஒரு காலத்துல நல்ல பிக் என்றால் அழுங்காமையின் ஓடு. அது கெரட்டின், நம்ம நகம் இருக்கே, அதே புரதம். விரல் நகத்தால மீட்டற உணர்வு அதுல வந்ததுல ஆச்சரியமே இல்லை. 1922-ல் நியூயார்க்கில் டி'ஆண்ட்ரியா செல்லுலாய்டு தகட்டில் பிக் வெட்ட ஆரம்பித்தார். 1970-களில் அழுங்காமை வியாபாரத்துக்கு சர்வதேசத் தடை வந்தது. நம்ம மன்னார் வளைகுடாவுலயும் இருக்கிற ஆமைதான் அது, இங்கயும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1981-ல் டன்லப் கம்பெனி டெல்ரின்ல டார்டெக்ஸ்னு ஒரு பிக் கொண்டு வந்தது, பேருலயே ஆமை ஒளிஞ்சிருக்கு. இன்னைக்கு நாம "ஒரிஜினல்"னு நினைக்கிற கடை பிக்கே ஒரு டூப்ளிகேட்தான்.

இப்போ என் பிராஜெக்ட். ஜனவரியில எங்க டீம் நாலு பேரும் காசு போட்டு ஒரு பிராஜெக்ட் சென்டர்ல வாங்கினோம். ரிப்போர்ட், பிபிடி, ஓடற மாடல், எல்லாம் சேர்த்து ஒரே ரேட். படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு இது அதிர்ச்சியா இருக்காது. ரிவ்யூல ஒரு மேடம் கேட்ட ஒரே கேள்வி: "ஏன் இந்த மெட்டீரியலை செலக்ட் பண்ணீங்க?" நாலு பேரும் ஸ்லைடைப் பார்த்தோம். ஸ்லைடுல "குறைந்த விலை, அதிக உறுதி"ன்னு இருந்துச்சு. அதையே படிச்சோம். அவங்க மேல எதுவும் கேக்கல. கேக்காததுதான் ரொம்ப உறுத்துச்சு.

ஒரு பிக்கைப் பத்தி அதே கேள்வியைக் கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பேன். எது உடைஞ்சது, எந்தத் தடிமன்ல உடைஞ்சது, எத்தனையாவது உப்புத்தாள்ல கீச்சு சத்தம் நின்னுச்சுன்னு எல்லாம். செலவு, உப்புத்தாளும் அந்தக் கடை பிக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்ள. "இருபது ரூபா பிக்குக்கு இவ்வளவு வேலையா"ன்னு என் ஃப்ரெண்ட் கேட்டான். பிராஜெக்ட் சென்டருக்கு நாங்க கொடுத்ததை அவன்கிட்ட நான் சொல்லல, அவனும் அதே டீம்தான்.

செகண்ட் இயர் பசங்களுக்கு லேப்ல ரெடிமேட் ஸ்பெசிமனைக் கொடுத்து ரீடிங் எழுதச் சொல்றதுக்குப் பதிலா, ஒரே ஒரு செமஸ்டர், ஆளுக்கு ஒரு பிக் செஞ்சு அது ஏன் உடைஞ்சதுன்னு எழுதச் சொல்லுங்கன்னு டிபார்ட்மென்ட்ல கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு பதில் வந்திருக்கு. அதுவரைக்கும் மூணாவது மாடிக்கு வந்தா என்கிட்ட கொட்டாங்குச்சி பிக் ரெண்டு மிச்சம் இருக்கு. கிட்டாரை நீங்களே கொண்டு வாங்க. ஒரு ரூபாய் காசுல வாசிச்சு என்னோடதுல ஜி ஸ்ட்ரிங் அறுந்து கிடக்கு.