எங்கிருந்து எத்தனை அடி?

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து பள்ளிக்கு வரும் எங்களுக்கு மழைக்காலம் பிறந்தால் ஒரு கேள்வி பழகிப்போனது. "அணையில எத்தன அடி?" என்று வழியில் காண்போரெல்லாம் கேட்பார்கள். 42 என்பார் ஒருவர், 44 என்பார் மற்றொருவர், நிறைந்தால் 48. ஆனால் அந்த அடி எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று கேட்பார் இல்லை. அளவுகோலில் சுழி என்று குறித்த இடத்திலிருந்தே அளக்கிறார்கள். அணைக்குள் வண்டல் சேர்ந்தால், அதே 42 அடிக்கு நீரின் அளவு குறைந்துவிடும். எண் பொய் சொல்வதில்லை. நாம்தான் அதனிடம் முழுக் கேள்வியையும் கேட்பதில்லை.

இதே கேள்வியைத் தலைக்கு மேலே பறக்கும் விமானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

விமானத்தில் உள்ள உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. அது அளப்பது காற்றழுத்தத்தை. காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று அதனுள் இருக்கிறது. மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்; பெட்டி விரியும்; முள் நகரும். கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால், ஏறக்குறைய 28 அடி ஏறியதாகக் கருவி காட்டும்.

ஆனால் ஓரிடத்தில் அசையாமல் இருந்தாலும் அழுத்தம் மாறுமே! 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்து, கடலுக்குச் சென்ற மீனவர் பலரைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. அன்று நம் வகுப்பறை மேசைமேல் ஓர் உயரமானி இருந்திருந்தால், பள்ளிக்கூடமே மேலே எழும்பியதாக அது காட்டியிருக்கும்.

ஆகவே மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் துணை வேண்டும். இதை 1648-லேயே காட்டினார்கள். பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே, அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டின் பூய் தெ தோம் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 3 அங்குலம் தாழ்ந்தது. அதே நாள் முழுவதும் அடிவாரத்துத் துறவியர் மடத்தில் இன்னொரு குழாயைத் துறவி ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். அது மாறவில்லை. அந்தத் துறவி இல்லையென்றால், பாதரசம் தாழ்ந்தது மலையாலா, மாறிய வானிலையாலா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. மலையேறியவரின் பெயரை நூல்கள் கூறுகின்றன. கீழே பொறுமையாகக் காத்திருந்தவரை நாம் நினைப்பதில்லை!

இன்று அந்தத் துறவியின் வேலையை விமான நிலையம் செய்கிறது. அங்குள்ள அழுத்தத்தை வானொலியில் சொல்ல, விமானி கருவியின் குமிழைத் திருப்பி அந்த எண்ணை வைக்கிறார். எண் தவறினால்? 2022 மே 23 அன்று பாரிஸ் நகரின் சார்ல்ஸ் டி கால் விமான நிலையத்தில் 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1011 என்று சொல்லப்பட்டது. பத்தே மில்லிபார்! விமானம் தான் இருப்பதாக எண்ணிய உயரத்துக்கு 280 அடி கீழே வந்தது. ஓடுபாதையை எட்டுமுன்னரே தரைக்கு 6 அடி வரை இறங்கிவிட்டது. ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படாததால் விமானிகள் மீண்டும் மேலே எழுப்பினார்கள், அனைவரும் பிழைத்தனர்.

வெப்பமும் கணக்கை மாற்றும். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்த்தியாகும். கருவி எதிர்பார்க்கும் வெப்பநிலையைவிட 10 பாகை குறைந்தால், கீழுள்ள நிலையத்திலிருந்து கணக்கிடும் உயரத்தில் நூற்றுக்கு 4 பங்கு போல் விமானம் தாழ்ந்து இருக்கும். நம்மூர் வெயிலில் பிழை மறுபக்கம் சாய்வதால் ஆபத்துக் குறைவு. லே போன்ற பனிநாட்டு விமான நிலையங்களில் அப்படியன்று. மலைக்கும் விமானத்துக்கும் இடையே எத்தனை அடி என்பது உயிர்க் கணக்கு. 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்த விமானம், பார்வை தெளிவில்லாத வேளையில் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் மாண்டனர். உயரமானிமேல் பழி சுமத்த இதைச் சொல்லவில்லை. நம் மேற்கு மலைத்தொடரில் அடிக்கணக்கு எத்துணை முக்கியம் என்பதற்கே சொல்கிறோம்.

"செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் இந்தப் பழைய கருவி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பாரிஸ் விமானமும் வழியைச் செயற்கைக்கோளால்தான் அறிந்தது. உயரத்தை மட்டும் காற்றழுத்தத்தால் அறிந்தது. மேலும், வானில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்கள் எல்லாம் 1013 என்ற ஒரே எண்ணை வைத்துப் பறக்கின்றன. பிழை இருந்தாலும் எல்லாருக்கும் ஒன்றே ஆதலால் மோதல் தவிர்க்கப்படுகிறது. பொது அளவுக்குத் தனிச்சிறப்பு உண்டு.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்று. நம் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு காற்றழுத்தமானி தொங்கட்டும். நாள்தோறும் காலையில் ஒரு மாணவி எண்ணைப் படிக்க, மற்றொருத்தி திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து எழுதட்டும். நம்மில் விமானம் ஓட்டப்போகிறவர்கள் சிலராகவே இருக்கலாம். ஆனால் நாளை மருந்தின் அளவையோ, இயந்திரத்தின் முள்ளையோ, வீட்டுக் கணக்கையோ பார்க்கப்போகிறவர்கள் நாம் எல்லாரும்தான். எண்ணைக் கண்டவுடன் நம்பிவிடாமல், "எங்கிருந்து அளந்தது? யார் சரிபார்த்தது?" என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே கற்றுக்கொள்வோமாக!