காதலுக்குக் கண் இல்லை... ஆனால் கட்சி உண்டு!

பணக்கார வீட்டுப் பெண், பரம ஏழைப் பையன். அவள் அப்பா முதலாளி, அவன் கம்யூனிஸ்ட். இரண்டு மணி நேரம் சண்டை, சிரிப்பு, ஓட்டம், கடைசியில் சுபம். "பார்த்தீர்களா, காதல் எல்லாச் சுவரையும் இடித்துவிட்டது" என்று கை தட்டிவிட்டுக் கூட்டம் எழுந்து போகிறது. சுவர் நிஜமாகவே இடிந்ததா, இல்லை ஒரே ஒரு ஆள் மட்டும் ஏறிக் குதித்தானா என்று யாரும் கேட்பதில்லை!

பில்லி வைல்டர் 1961-ல் எடுத்த "ஒன், டூ, த்ரீ" படத்தைப் பாருங்கள். மேற்கு பெர்லினில் கோக-கோலா மேனேஜர் மெக்நமாரா (ஜேம்ஸ் காக்னி). அட்லாண்டாவில் இருக்கும் பெரிய முதலாளியின் மகள் ஸ்கார்லெட் இவர் பொறுப்பில் வந்து தங்குகிறாள். தங்கியவள் சும்மா இருந்தாளா? கிழக்கு பெர்லின் கம்யூனிஸ்ட் பையன் ஓட்டோவை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனோடு மாஸ்கோ போகவும் தயார். முதலாளி விமானம் ஏறி வருகிறார். அவர் வந்து இறங்குவதற்குள் மாப்பிள்ளையைத் 'தயார்' செய்தாக வேண்டும். தையல்காரர் வருகிறார், முடி வெட்டுபவர் வருகிறார். காசு கொடுத்ததும் நொடித்துப்போன ஒரு பிரபு அவனைத் தத்தெடுத்துப் பட்டமும் தருகிறார். சில மணி நேரத்தில் கம்யூனிஸ்ட் காணாமல் போய், கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை நிற்கிறான்.

இதில் ஸ்கார்லெட் எதை இழந்தாள்? ஒன்றும் இல்லை. அவள் மாஸ்கோ ரயில் ஏறியிருந்தால் அது வேறு கதை. ஆனால் படம் அவளை ஏற விடுவதில்லை.

"காமெடி படத்துக்கு எதுக்கு இவ்வளவு அரசியல்? வைல்டர் இரண்டு பக்கத்தையும்தானே கிண்டல் செய்கிறார்?" என்று ஒரு கேள்வி வரும். உண்மைதான். கிண்டல் இரண்டு பக்கமும் சமம். முடிவு சமம் இல்லை! சிரிப்பைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, சொத்தை ஒரு பக்கமே வைத்துக்கொள்கிற கணக்கு இது.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை. வைல்டரும் சேர்ந்து திரைக்கதை எழுதி, லூபிட்ச் இயக்கிய "நினோச்கா" 1939-ல் வந்தது. சோவியத் அதிகாரி கிரேட்டா கார்போ பாரீஸ் வருகிறாள். கடை ஜன்னலில் ஒரு தொப்பியைப் பார்த்து ஏளனம் செய்கிறாள். பிறகு அதையே வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். காதலனும் மார்க்ஸைப் புரட்டுகிறான்தான். ஆனால் அவன் படிப்பது நகைச்சுவை, அவள் தொப்பி வாங்குவது மனமாற்றம்!

இத்தனைக்கும் வைல்டர் மற்றவர்களை விட நேர்மையானவர். மற்ற படங்கள் "அன்பு மாற்றியது" என்று பூசி மெழுகும். இவர் பில்லையே எடுத்துக் காட்டுகிறார். சட்டை இவ்வளவு, பட்டம் இவ்வளவு... கடைசியில் மெக்நமாரா ஆசைப்பட்ட லண்டன் பதவி கூட புது மாப்பிள்ளைக்கே போகிறது. அங்கே ஜெயித்தது காதல் இல்லை, கம்பெனி.

நிஜ பெர்லின் என்ன செய்தது? படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை மூடினார்கள். படக்குழு மியூனிக் போய் பிராண்டன்பர்க் வாயிலை செட் போட்டு மீதியை முடித்தது. பெர்னவர் தெருவில் வீடு கிழக்கு, வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கு. அங்கே ஜன்னலில் இருந்து குதித்துத் தப்பித்தவர்களும் உண்டு, குதித்துச் செத்தவர்களும் உண்டு. அந்த நேரத்தில் வந்த படத்துக்கு யார் சிரிப்பார்கள்? படம் படுத்துவிட்டது. மேற்கு ஜெர்மனியில் அது ஓடியது 1985-ல், மறுபடி வெளியிட்டபோதுதான்.

எல்லை தாண்டுவதற்கு விலை உண்டு என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். அந்த விலையை இரண்டு பேரும் பாதிப் பாதி கொடுத்தால் அது காதல். ஒருவர் மட்டுமே கொடுத்தால் அதற்குப் பெயர் ஆள் சேர்ப்பு. அடுத்த முறை இப்படி ஒரு படத்தில் "சுபம்" வரும்போது, கை தட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சட்டையை மாற்றியது யார்?