பேசாத செயலி

கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்போருக்கு ஒரு சங்கடம் உண்டு. மகாவலிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு வீதி அக்குறணை, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும்; மற்றொன்று கலகெதர வழியாகக் குருணாகலுக்குத் திரும்பும். வருகின்ற வண்டி எவ்வழி செல்வது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். பார்க்க இயலாதவர் என்ன செய்வார்? அவருக்கென்றே ஏற்பட்டதுபோல, வாயிற்படியில் நின்றபடி நடத்துநர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிக் கூவுகிறார். அந்தக் கூச்சலைக் கேட்டு முகஞ்சுளிப்போர் பலர், நானும் சுளித்தவன்தான். ஆனால் விழிப்புலனற்ற பிரயாணிக்கு எந்தச் சட்டமும் வருமுன்னரே கிடைத்த அறிவித்தல் அதுவன்றோ!

இப்பொழுது ஆசனப் பதிவும், நேர அட்டவணையும், வண்டி எங்கே வருகிறது என்னும் செய்தியுமெல்லாம் கைத்தொலைபேசிச் செயலிகளுக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன. விழிப்புலனற்றோர் கைத்தொலைபேசியை எங்ஙனம் இயக்குவர் என்று வியப்போர் இன்றும் உளர். ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் 'டாக்பேக்' என்றும், ஐபோனில் 2009 ஆம் ஆண்டு முதல் 'வாய்ஸ்ஓவர்' என்றும் திரைவாசிப்பான்கள் உள்ளன. விரல் எதன்மீது படுகிறதோ அதன் பெயரை அவை வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் அப்பொத்தான் இயங்கும். தமிழிலும் அவை பேசும்.

அண்மையில் ஓர் ஆசனப் பதிவுச் செயலியைக் கண்களை மூடிக்கொண்டு இயக்கிப் பார்த்தேன். எந்தச் செயலி என்பது இங்கு வேண்டியதில்லை. புறப்படும் ஊரைத் தெரிவு செய்யும்வரை ஒருவாறு சென்றது. பிறகு என் விரல் சென்ற இடமெல்லாம், "பெயரற்ற பொத்தான்", "பெயரற்ற பொத்தான்" என்றே அக்குரல் ஓதத் தொடங்கியது. கண் திறந்து பார்த்தேன். அவை ஆசனங்கள்! வெற்று ஆசனம் பச்சை, பதிவானது சிவப்பு. பச்சைக்கும் சிவப்புக்கும் வேற்றுமை காணாத நிறக்குருடருக்கும் அப்படம் புதிர்தான். மீண்டும் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருக்கையில், அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்து செயலி என்னை முதற்பக்கத்துக்கே அனுப்பிவிட்டது. எனக்கு அது ஒரு பரிசோதனை. கண்ணைத் திறந்து காரியத்தை முடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தம் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கி அட்டை இலக்கத்தையும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டிய ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. பொத்தானுக்குப் பெயர் எழுதும் இடம் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் முன்னரே வைக்கப்பட்டுள்ளது. "17 ஆம் ஆசனம், சாளரப் பக்கம், வெற்று" என்று அங்கே எழுதினாற் போதும். வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்புலத்தில் இடும் நாகரிகத்தையும் கைவிட வேண்டும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிவேற்றுமை குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருத்தல் வேண்டுமென்று உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டி கூறுகிறது. கண்ணில் புரை விழுந்த பாட்டனாருக்கும் இது வேண்டியதே.

தமிழருக்கென்று தனியாக ஓர் இடரும் இருக்கிறது. நம் நாட்டில் பாமினி எழுத்துரு நெடுங்காலம் கோலோச்சியது. அதிலே "அம்மா" என்று நாம் காண்பது, கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி படிக்கும். கேட்பவர் தலையில் அடித்துக்கொள்வார். ஒருங்குறியில் எழுதினால் இத்தொல்லை இல்லை. நேர அட்டவணையைப் புகைப்படமாக எடுத்து ஒட்டுவதோ இன்னும் மோசம். "படம்" என்று சொல்லிவிட்டுத் திரைவாசிப்பான் வாய்மூடிக்கொள்ளக்கூடும்.

சட்டம் இல்லாமலில்லை. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொது இடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா வழக்குத் தொடுத்து, 2011 ஏப்ரல் 27 அன்று எமது உயர் நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற்றார். ஆயினும் அவ்விதிகளிற் பெரும்பகுதி படிகளையும் சாய்தளங்களையும் மலசலகூடங்களையும் பற்றியது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரையோ, போக்குவரத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. அந்த உறுப்புரை செயலியின் படிக்கட்டுக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பதே என் குறை.

அயல்நாட்டில் அது வந்துவிட்டது. அமில வீச்சினால் முகம் சிதைந்த சிலர், கண் சிமிட்டிக் காட்டினால்தான் அடையாளம் உறுதியாகும் என்ற வங்கி நடைமுறையில் அகப்பட்டுத் தவித்தனர். அவர்களும் விழிப்புலனற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மின்னியல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று தீர்ப்பளித்து, 20 பணிப்புரைகளும் விதித்தது. வழக்கு வங்கி பற்றியது. ஆனால் பஸ் ஆசனத்துக்கு அந்நியாயம் பொருந்தாதென்று எவர் சொல்வார்?

செயலியைச் செய்விக்கும் போக்குவரத்து அதிகாரிகள், அதற்கான கேள்விமனுப் பத்திரத்திலேயே "திரைவாசிப்பானால் முழுவதும் இயக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். பணத்தைக் கொடுக்குமுன் விழிப்புலனற்ற இருவர் கையில் கொடுத்து, கட்டுகஸ்தோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆசனம் பதிவு செய்யச் சொல்லலாம். முடிந்தால் பணம், முடியாவிட்டால் திருத்தம்.

மாணவர்கள் தம் வீட்டிலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். தொலைபேசியின் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்னும் பகுதியில் டாக்பேக் இருக்கும். அதை நிறுத்துவதற்கும் இருமுறை தட்ட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அது தெரியாமல் நான் அரை மணி நேரம் பட்ட பாட்டை வீட்டிலுள்ளோர் இன்னும் சொல்லிச் சிரிக்கின்றனர்.